லான்சரில் ஸ்ட்ரட் பார்: ஏலகிரி வளைவிலும் தோண்டிய தெருவிலும் அளந்து பார்த்தது

என் பழைய மிட்சுபிஷி லான்சருக்கு ஸ்ட்ரட் பார், அதாவது முன்சக்கரத் தூண்களின் தலைகளைக் குறுக்கே இணைக்கும் கம்பி, போட்டாயிற்று. சிவப்புப் பெயின்ட் பளபளக்கும் கடைக் கம்பியை வாங்கவில்லை. ராணிப்பேட்டையில் சொல்லிச் செய்தேன். போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். என் வண்டியில் அது அதிகம் உழைப்பது குழியில்.

லான்சர் 1998 முதல் நம் திருவள்ளூரில் தயாரான வண்டி. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் இந்த அமைப்பு, 1950-51இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் பரவலாக வந்தது. சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் கை, அதாவது மேல் ஆர்ம், கிடையாது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகி, அதன் தலை நேராக பாடியில் போல்ட் ஆகிறது. எஞ்சினைக் குறுக்கே வைக்க இடம் மிச்சம், செலவும் மிச்சம். ஆனால் மேல் ஆர்ம் ஏற்க வேண்டிய பக்கவாட்டு விசையையும் அந்தத் தலைதான் ஏற்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் இருபுறமும் மூன்று நட்டுகளோடு தெரியும் மேடுகள்தான் ஸ்ட்ரட் டவர். இரண்டுக்கும் நடுவே எஞ்சின் இருக்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குக் குறுக்கே போடும் கம்பிதான் ஸ்ட்ரட் பார்.

விசை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டயர் தரையைத் தொடும் இடம், டவரின் தலையைவிட வெளியே தள்ளி இருக்கிறது. அதனால் தரை சக்கரத்தை மேலே தள்ளும்போதெல்லாம் டவர் மேலேயும் போகப் பார்க்கும், உள்ளேயும் சாயப் பார்க்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் இந்த உள்சாய்வு இருக்கிறது. வளைவில் நிலைமை வேறு. வெளிப்பக்கச் சக்கரத்தில் எடை கூடுவதால் டவர் உள்ளே தள்ளப்படுகிறது. டயரின் பக்கவாட்டுப் பிடிப்போ அதே டவரை வெளியே தள்ளுகிறது. ஒன்று மற்றதைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. குழியில் விழுந்து எழும்போது அப்படி எதிர்விசை எதுவும் கிடையாது. முழு அடியும் உள்நோக்கித்தான்.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு நம்பிக்கை வரவில்லை. ஓர் அளவி செய்தேன். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் ஒரு குழாயும் ஒரு தண்டும். குழாய் இடது டவரிலும் தண்டு வலது டவரிலும் நிற்கும். தண்டின் மேல் இறுக்கமான ஒரு ரப்பர் வளையம். டவர்கள் நெருங்கினால் குழாயின் வாய் வளையத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பும். வளையம் அங்கேயே நிற்கும். வண்டியை நிறுத்தி வெர்னியரில் அளந்தால் அதிகபட்ச நெருக்கம் கிடைத்துவிடும். இரண்டையும் இரும்பிலேயே செய்தேன். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, வெப்பம் நாற்பது டிகிரி ஏறினால், கிட்டத்தட்ட 0.9 மி.மீ. நீளும். நான் தேடும் அளவே அவ்வளவுதான். வேலூர் மே மாதத்தில் எஞ்சினுக்கு மேல் அலுமினியத் தண்டு வைத்தால் வெயிலைத்தான் அளக்க வேண்டியிருக்கும். இரும்பு அதில் பாதிதான் நீளும். அதற்கும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன்.

சோதனைக்கு மூன்று இடங்கள். காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகள்: இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும். எங்கள் பகுதியில் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை அள்ளிப் போட்டு மூடிய தெரு: இடது சக்கரம் மட்டும் விழும்படி ஓட்டலாம். மூன்றாவது ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே போகும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு பெயர். புலவர்களும் வள்ளல்களும் நம் ஓட்டும் திறனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மலை அது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முன்னால் வேன் ஊர்ந்தால் அளக்க எதுவும் இருக்காது.

கம்பி இல்லாமல் கிடைத்தவை: ஏலகிரி வளைவில் சுமார் 0.3 மி.மீ., பாலத்தில் அதைவிடச் சற்று அதிகம், தோண்டிய தெருவில் 0.8 மி.மீ. வரை. வேகம் கூடினால் வளைவின் எண் மாறும் என்பதை மறுக்கவில்லை. மலைச்சாலையில் பந்தயம் ஓட்டும் வயதும் எனக்கு இல்லை, வண்டிக்கும் இல்லை.

பிறகு கம்பி. ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலைக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் நிறைய உண்டு. வெல்டிங்கில் அவர்களுக்குச் சொல்லித்தர நம்மிடம் எதுவும் இல்லை. 25 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள இரும்புக் குழாய், இரு முனையிலும் தகடு. பட்டறை அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “நடுவில் ஏர் ஃபில்டர் குழாய் இடிக்கும் தம்பி. வில் மாதிரி வளைத்துவிடட்டுமா? பார்க்கவும் அழகாக இருக்கும்” என்றார். வேண்டாம் என்றேன். காரணம் கணக்கில் இருக்கிறது. நேரான குழாயை ஒரு டன் எடையால் நீளவாக்கில் அழுத்தினாலும் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் சுருங்கும். அதே குழாயை நடுவில் ஐந்து சென்டிமீட்டர் தூக்கி வளைத்துவிட்டால், முனைகள் தகட்டோடு ஒரே போல்ட்டில் திரும்பக்கூடியபடி இணைந்திருக்கும்போது, விறைப்பு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகிவிடும். சுருங்குவதற்குப் பதில் வளையத் தொடங்கிவிடுகிறது. கடைகளில் அழகாக நெளிந்து கிடக்கும் கம்பிகளில் பல இந்தக் குறையோடு பிறந்தவை. அலுமினியம் என்றால் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு ஏற்பக் குழாய் பருமனாக வேண்டும். அண்ணன் சற்று யோசித்து, கம்பியை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பக்கமாக இரண்டு விரல் தள்ளினார். நேராகவே போய்விட்டது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நான்கு சக்கரமும் சமதரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் டவர்கள் தளர்ந்து விலகும். அந்த நிலையில் முடுக்கினால், இறக்கிய கணமே கம்பி அழுத்தத்தில் நிற்கும். நட்டுகளை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்), கம்பெனி கையேட்டின் அளவுக்கு முடுக்கினேன்.

மீண்டும் அதே மூன்று இடங்கள். தோண்டிய தெருவில் 0.8 இருந்தது 0.2 ஆகிவிட்டது. பாலத்திலும் மலையிலும் வளையம் நகர்ந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு. ஆனால் இந்த அளவி டவர்களின் இடைவெளியை மட்டுமே பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடினால் இதற்குத் தெரியாது, கம்பியாலும் தடுக்க முடியாது. வளைவில் டயர்களின் பக்கவாட்டு விசை இரண்டு டவரையும் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. கம்பி அங்கே செய்வது பாரத்தைப் பங்கு போடுவது மட்டும்.

எண்கள் இருக்கட்டும், ஓட்டும்போது தெரிகிறதா? என் கைகளை நான் நம்பவில்லை. செலவு செய்தவனின் கைகள் நன்றாகத்தான் சொல்லும். அக்காவின் கணவரை ஓட்டச் சொன்னேன். ஒரு முனையின் போல்ட்டைச் சில முறை கழற்றியும் சில முறை மாட்டியும் விட்டு, எது என்று சொல்லாமல் சாவியைக் கொடுத்தேன். பாலத்தில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தோண்டிய தெருவில் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். “எப்படி மாமா?” என்றேன். “டேஷ்போர்டு கிறீச்சிடுவது நிற்கிறது மாப்பிள்ளை. குழியைத் தாண்டியதும் ஸ்டீயரிங் உடனே கைக்கு வந்துவிடுகிறது. குலுக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது” என்றார். அதுதான் சரியான மதிப்பீடு. சொகுசை முடிவு செய்வது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் காற்று. வண்டி சாய்வதைக் குறைப்பது ஆன்ட்டி ரோல் பார். இந்தக் கம்பி இரண்டையும் தொடவில்லை.

மொத்த பாடியின் முறுக்கு விறைப்பும் கூடும் என்பார்கள். ஒரு முன் மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, முன்கதவின் இடைவெளியைக் கம்பியோடும் இல்லாமலும் அளந்தேன். வித்தியாசம் இல்லை. முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை நீண்டு நடக்கும் முறுக்கலை, ஒரே இடத்தில் குறுக்கே போட்ட கம்பி எப்படித் தடுக்கும்?

ஒரு பாதகமும் உண்டு. ஒரு பக்கம் பலமாக இடித்தால் கம்பி அந்த அடியை மறுபக்க டவருக்கும் கொண்டுபோகக்கூடும். அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.

அடுத்து, கம்பியின் நடுவிலிருந்து ஃபயர்வாலுக்கு இரண்டு கைகள் போட்டு முக்கோணமாக்க வேண்டும்; டவர்கள் சேர்ந்து ஆடுவதை அதுதான் பிடிக்கும். ஃபயர்வால் தகடு மெல்லியது, பின்னால் பட்டை வைத்துத்தான் போல்ட் போட முடியும். டேஷ்போர்டைக் கழற்றாமல் அங்கே கை போகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.