கடலடிப் பாரில் அடித்த படகு எஞ்சினைப் பழுது பார்த்த அனுபவம்

தூத்துக்குடி அருகே தருவைகுளத்திலிருந்து ஃபைபர் படகில் செவுள்வலைத் தொழில் செய்யும் நான், கடந்த மாசியில் ஒரு விடியற்காலை வலையை இழுத்தெடுத்துக்கொண்டு கரை திரும்புகையில், மன்னார் வளைகுடாவில் விலாங்குசல்லித் தீவு மூழ்கிய பகுதியை ஒட்டியிருக்கும் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், 9.9 குதிரைத்திறன் எஞ்சினை அடித்துவிட்டேன். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்ததில் அலையைத் தடுத்த அரண் அழிந்து, அத்தீவு கடலுக்குள் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் அங்கே ஆழம் குறைவு என்பதே தெரியாது.

உடனே எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பார்த்தேன். படகைத் தள்ளும் காத்தாடியின் (புரொப்பெல்லர்) இரண்டு இதழ்கள் மடங்கியிருந்தன. அதற்குக் கீழே மீன்துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியப் பகுதி பாதி உடைந்திருந்தது. எஞ்சினைப் படகோடு பிணைக்கும் திருகுகள் தளராததை உறுதி செய்துகொண்டு மீண்டும் இயக்கியபோது, நியூட்ரலில் அதிர்வே இல்லை, கியர் போட்டதும் படகே நடுங்கியது. பழுது மேலே அன்று, கீழ்ப்பகுதியில்தான் என்று அப்போதே புரிந்ததால், குறைந்த வேகத்திலேயே கரை சேர்ந்தேன்.

முதலில் பார்த்த மெக்கானிக், காத்தாடியை மாற்றினால் போதும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கியர் ஆயிலை வடித்துப் பார்க்கும்படி வற்புறுத்தினேன். வந்தது மோர் போல வெளுத்திருந்தது, அதாவது தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. பிளக் வயர்களைக் கழற்றி, நியூட்ரலில் வைத்து, காத்தாடியைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் தண்டான ஷாஃப்டின் நுனிக்கு அருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு கையால் சுழற்றியபோது, இடைவெளி கூடிக் குறைந்தது. ஷாஃப்ட் வளைந்திருந்தது. வளைந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை (seal) ஒரு பக்கமாக நசுக்கும். காத்தாடியை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால், உப்புநீர் கலந்த ஆயிலில் பேரிங்கும் கியர்ப் பற்களும் சில வாரங்களில் கெட்டு, முழுக் கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஷாஃப்ட், சீல்கள், பேரிங், காத்தாடி ஆகியவற்றை மாற்றினோம். உடைந்த அலுமினியப் பகுதியை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டவைத்தோம். சூடு சீலைக் கருக்கிவிடும் என்பதால், உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிய பிறகே அந்த வேலை நடந்தது. எஞ்சினின் கீழ்ப்பகுதியான கால் எப்படியும் கழன்றிருந்ததால், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் சுழலும் சக்கரமான இம்பெல்லரையும் புதிதாகப் போட்டுவிட்டோம்.

பூட்டியபின் ஆயில் ஊற்றுவதற்கு முன்பு, கியர்பாக்ஸுக்குள் காற்றழுத்தம் கொடுத்துத் தொட்டியில் அமிழ்த்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு குமிழும் வரவில்லை. ஆயிலைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றினோம். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். மேல்துளையில் ஆயில் வழிந்ததும் முதலில் அதை மூடி, பிறகே கீழ்த்துளையை அடைத்தோம். துளைகளை மூடும் இரண்டு திருகுகளுக்கும் புது வாஷர் போட்டோம்.

பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு கீழ்த்திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தேன். ஆயில் தெளிவாக இருந்தது.