அனுப்பியது 140, அழைத்தது 3

வேலை போன அன்று இரவே ரெஸ்யூமேவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள்கூட வீணாகக் கூடாது என்ற பதற்றம். ஒரே பொத்தானில் விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்பினேன். நான்கு மாதத்தில் 140 விண்ணப்பம். வந்த அழைப்பு மூன்றே மூன்று. இப்போது வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இடையில் எதை மாற்றினேன் என்பது தேடலில் இருக்கும் யாருக்காவது உதவலாம்.

அந்த மூன்றில் முதல் அழைப்பு இன்னும் மனதில் இருக்கிறது. "எங்கள் விளம்பரத்தில் உங்களை ஈர்த்தது எது?" என்று அழைத்த பெண் மரியாதையாகத்தான் கேட்டார். எந்த விளம்பரம் என்றே எனக்கு நினைவில்லை. பேசிக்கொண்டே இணையத்தில் தேடினேன். ஆள் எடுக்கும் கெடு முடிந்து அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்தேன். அங்கிருந்து அடுத்த அழைப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு எக்ஸெல் தாள் வைத்துக்கொண்டேன். நிறுவனம், பதவி, தேதி, எந்த ரெஸ்யூமே அனுப்பினேன், அப்புறம் விளம்பரத்தின் முழு வாசகம். இந்தக் கடைசி விவரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு கையில் இருக்க வேண்டியது அதுதான்.

ரெஸ்யூமே விஷயத்தில் கண் திறந்தது முன்னாள் சக ஊழியர் ஒருவரால். ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர். "உங்க ரெஸ்யூமேல இருக்கறத அப்படியே காப்பி பண்ணி நோட்பேட்ல போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து அழகாக வடிவமைத்திருந்தது கந்தலாகிக் கிடந்தது. ஒரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரே வேறு நிறுவனத்தில் வேலை பார்த்த ஆண்டு. திறமைகளை நட்சத்திரப் படங்களாகக் காட்டியிருந்த இடம் வெறுமை. மேலே பட்டையில் படமாக வைத்திருந்த தொலைபேசி எண் காணவே இல்லை.

பல நிறுவனங்களில் விண்ணப்பங்கள் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகின்றன. ஏடிஎஸ் என்பார்கள். எழுத்தைப் பிரித்தெடுத்து பெயர், அனுபவம், படிப்பு என்று அடுக்கி வைக்கும். இயந்திரமே எல்லோரையும் தள்ளிவிடுகிறது என்ற பேச்சு உண்டு; அது முழு உண்மை இல்லை. பெரும்பாலும் மனிதர்கள்தான் அதற்குள் சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள். எழுத்து சிதறியிருந்தால் அந்தத் தேடலில் நாம் வரமாட்டோம். ஒரே பத்தி, சாதாரணத் தலைப்புகள் என்று மாற்றிவிட்டேன்.

சொற்களும் முக்கியம். நான் கணக்குத் துறை. 'வங்கிக் கணக்குகளைச் சரிபார்த்தேன்' என்கிற பொருளில் எழுதியிருந்தேன். விளம்பரங்களில் இருந்ததோ 'பேங்க் ரெகன்சிலியேஷன்'. செய்த வேலை ஒன்றுதான், தேடுகிறவருக்கு அது தெரிய வேண்டுமே. இன்னொன்று, 'மாதக் கணக்கு முடிக்கும் பொறுப்பு' என்ற வரி. அது பதவியைச் சொல்கிறது, என்னைச் சொல்லவில்லை. 'மாதக் கணக்கு முடிக்க 9 நாள் ஆனதை 5 நாளாகக் குறைத்தேன்' என்று திருத்தினேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நேர்முகத்திலும் முதல் கேள்வி அந்த வரியிலிருந்துதான். செய்யாததை எழுதியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். எண் போடுவதென்றால் விளக்கத் தெரிந்த எண்ணாக இருக்க வேண்டும்.

பழைய வேலை ஏன் போனது என்ற கேள்விக்கு அக்காவிடம் பதில் சொல்லிப் பழகினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "நீ உன் மேனேஜரப் பத்தியே பேசுற. உன்னப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி. ஆட்குறைப்பில் போனது, அடுத்து இன்ன வேலை தேடுகிறேன் என்று இரண்டே வாக்கியமாக்கிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் இது தெரிந்திருக்காது.

வெட்கத்தில் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு அதிக நாளைத் தின்றது. சொல்லும்போதும் 'ஏதாவது இருந்தா சொல்லுங்க' என்றால் யாராலும் உதவ முடிவதில்லை. 'இந்த நிறுவனத்தில் இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே யாரையாவது தெரியுமா?' என்று கேட்டபோது ஒரே நாளில் பதில் வந்தது. பயிற்சிக்கு, பதிவுக்கு என்று நம்மிடமே பணம் கேட்பவர்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பதிலே போடவில்லை.

ஆனாலும் பெரிய அடி ஐந்தாவது மாதத்தில். ஒரு நிறுவனத்தில், "நீங்கதான், லெட்டர் வந்துடும்" என்றார்கள். தேடுவதை நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் கழித்து, அந்தப் பணியிடத்தையே நிறுத்தி வைத்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல். திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்த முறை அதே வார்த்தையைக் கேட்டபோதும் விண்ணப்பிப்பதை நிறுத்தவில்லை. சேரும் தேதியும் சம்பளமும் எழுதிய கடிதம் கைக்கு வந்த அன்று, வேறு இரண்டு இடங்களில் அடுத்த சுற்று பாக்கி இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்லி விலகிக்கொள்வதாக எழுதினேன்.