பஞ்சமத்தில் ஒரு நடுக்கம்

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாளில் பரணில் ஏறியிருக்க வேண்டாம். ஆனால் ஏறியதால்தான் அப்பாவின் கேசட் கிடைத்தது. உறையில் அவர் கையெழுத்தில் "மார்கழி 1988, பிள்ளையார் கோயில்" என்று இருக்கிறது. ஊர்க் கோயிலில் அவர் தேவாரம் பாடியதை யாரோ டேப் ரெக்கார்டர் வைத்துப் பிடித்தது. அவர் குரல் எங்களிடம் இருப்பது இந்த ஒன்றில் மட்டும்தான். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பச் சொல்லிப் பல வருடங்களாகக் கேட்கிறான்.

டேப் டெக்கைத் துடைத்து, ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சுத்தம் செய்து, ஆம்ப்ளிஃபையருடன் இணைத்தேன். பாட்டு வருவதற்கு முன்பே ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். அதற்கு நடுவே அப்பா குரல், பின்னால் சுருதிப்பெட்டி.

அம்மா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டு இரண்டு நிமிடம் கேட்டார். "அப்பா பெட்டி இப்படி நடுங்காதே. பஞ்சமம் ஏன் ஆடுது?" என்றார்.

சுருதிப்பெட்டியின் 'ப' சுரத்தைச் சொல்கிறார். எனக்கு அது கேட்கவில்லை. அம்மா சொன்ன பிறகு காதை வைத்தால், ஆமாம், ஆடுகிறது. ஒரு நொடிக்குள் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குகிறது.

படுக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்தேன். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தால் இரைச்சலும் போய்விடுகிறது. ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் கோளாறு என்றால், உதாரணமாகப் பழைய கெப்பாசிட்டர் வறண்டிருந்தால், வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் அப்படியே நிற்கும். ஆகவே ஆம்ப் நல்லபடியாக இருக்கிறது. இரைச்சல் வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

மே 5, திங்கள்

ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஒரு ரிப்பேர் கடையில் கேட்டேன். "எர்த் பின்னை எடுத்துட்டு ரெண்டு பின்ல போடுங்க, சத்தம் நின்னுடும்" என்றார். நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பின் சும்மா வைத்ததில்லை. மற்ற இரண்டைவிட அது நீளமாகவும் தடியாகவும் இருப்பதே, சொருகும்போது முதலில் எர்த் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. உள்ளே ஒரு ஒயர் கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால், மின்சாரம் மண்ணுக்குப் போக இருக்கும் வழி அது ஒன்றுதான். 78 வயது அம்மா கை வைக்கும் சாமான் இது. அந்த யோசனையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மே 7, புதன்

இன்றுதான் உட்கார்ந்து ஒழுங்காகத் தேடினேன். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் சொருகியிருந்த எல்லாவற்றையும் கழற்றினேன். டெக், டிவி, செட்டாப் பாக்ஸ், எதுவும் இல்லை. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றியும் அமைதி. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகினேன். டெக்கைச் சொருகியபோது லேசான உறுமல் வந்தது. டிவியைச் சொருகியதும் ஞாயிற்றுக்கிழமை கேட்ட இரைச்சல் முழுசாகத் திரும்பியது. அத்தனைக்கும் டிவி அணைந்துதான் இருந்தது.

டிவியிலிருந்து ஆம்புக்குப் பாட்டு வரும் ஆர்சிஏ ஒயரை மாற்றினேன், பயனில்லை. செட்டாப் பாக்ஸின் பின்னால் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைத் திருகிக் கழற்றினேன். அந்த நொடியே நின்றது. மறுபடி வைத்தேன், வந்தது. நாலைந்து முறை செய்து பார்த்தேன். கேபிளின் நுனி இணைப்பின் ஓரத்தைத் தொட்டாலே போதும், "ம்ம்" என்று ஆரம்பித்துவிடுகிறது.

டெஸ்ட் மீட்டரை ஏசியில் வைத்து, கேபிளின் வெளி உறைக்கும் ஆம்ப்ளிஃபையரின் உடம்புக்கும் இடையில் அளந்தேன். 3.8 வோல்ட். இரண்டும் எர்த்தோடு சேர்ந்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்ததும் புரிந்தது. டிஷ் கம்பத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்புக் குழாயோடு கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்தக் குழாய் நேராக மண்ணுக்குள் போகிறது. ஆக, வீட்டின் எர்த் குழி ஒரு எர்த், குழாய் இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் 3.8 வோல்ட் வித்தியாசம். அந்த வித்தியாசம் ஒரு மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. அது ஓடுவதற்குக் கிடைத்த பாதை டிஷ் கேபிளும், டிவியும், பாட்டு வரும் ஒயரின் வெளி உறையும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாட்டோடு சேர்ந்து நடந்து வருகிறது. கிரவுண்ட் லூப் என்று படித்திருக்கிறேன். கையால் வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்தபோதுதான் அது மனசில் நின்றது.

மே 8, வியாழன்

ஆன்டெனா கேபிளுக்கு நடுவில் வைத்து மின் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று வாங்கலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. மாடியில் டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி இதே கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் டிசி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. ஐசொலேட்டர் அதையும் சேர்த்து மறித்துவிடும், படமே வராது.

டிவியில் ஆப்டிகல் அவுட் இருக்கிறது. அதிலிருந்து ஒளிக் கேபிள், டிஜிட்டல் சிக்னலைப் பாட்டாக மாற்றும் ஒரு சின்ன டாக் பெட்டி, பிறகு ஆம்ப். ஒளிக்கு எர்த் கிடையாது. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவில் இனி செம்பு இல்லை.

டிவி வழியாக வந்த இரைச்சல் முடிந்தது.

மே 10, சனி

டெக் மட்டும் பாக்கி. அதில் இரண்டு விதமான சத்தம் இருப்பதை இன்றுதான் பிரித்துக் கேட்டேன். ஒன்று ஆழமான "ம்ம்". இன்னொன்று மெல்லிய "ஜ்ஜ்". அந்த "ஜ்ஜ்" மின்விசிறியை மூன்றில் வைத்தால் வருகிறது, ஐந்தில் வைத்தால் இல்லை. ஹாலில் இருப்பது வட்டமாகத் திருகும் பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். அது ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. வெட்டுப்பட்ட அந்த முனைதான் ஸ்பீக்கரில் கீறுகிறது. ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் வாங்கி வந்து வைத்தேன். மூன்றில் ஓடினாலும் சத்தம் இல்லை.

"ம்ம்" ஏன் வருகிறது என்பது தற்செயலாகத் தெரிந்தது. தூசி துடைக்க டெக்கைத் தூக்கினேன், ஒயர்கள் சொருகியபடியே. தூக்கத் தூக்க இரைச்சல் குறைந்தது! இத்தனை நாள் அதை ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் வைத்திருந்தேன். ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை டெக்கின் ஹெட் பிடித்துக்கொள்கிறது. ஹெட்டின் வேலையே டேப்பில் இருக்கும் மிக நுண்ணிய காந்தத்தைப் பிடிப்பது. அதன் கீழேயே ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் அது வேறு என்ன செய்யும். டெக்கைப் பக்கவாட்டில் இரண்டு அடி தள்ளி, மர ஸ்டூலில் வைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

அந்த 3.8 வோல்ட் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றாலும் அந்த வித்தியாசம் எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வரச் சொன்னேன்.

எங்களை ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, அவற்றின் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எடுத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தபோது பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தபோது இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, அணையப் போகும் கரித்துண்டு மாதிரி. "அக்கா, உங்க வீட்ல எர்த் பேருக்குத்தான் இருக்கு" என்றார். இந்தச் சோதனையை நீங்க செஞ்சு பார்க்காதீங்க என்றும் இரண்டு முறை சொன்னார். எர்த் கெட்டிருக்கும் வீட்டில் பல்பு வழியாக வரும் மின்சாரம் இரும்புச் சாமான் எல்லாவற்றிலும் ஏறும்.

போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் குழியை மூடிவிட்டிருக்கிறார்கள். ஒரு டைலைப் பெயர்த்தோம். உள்ளே மண் விபூதி மாதிரி உதிர்ந்தது. குழாயின் கிளாம்ப் துருப்பிடித்து, செம்புக் கம்பியில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இந்த வீட்டில் குளிரும் சூடும் தண்ணீரும் தொடும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு இழைதான் காவல். மொத்த வீட்டின் கசிவு மின்சாரமும் அங்கே போக முடியாமல், ஆம்ப், டிவி, டிஷ் கேபிள் என்று சுற்றி மாடிக் குழாய் வழியாக மண்ணைத் தேடியிருக்கிறது. அதைத்தான் நான் ஒரு வாரமாக இரைச்சல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதுக் கிளாம்ப், அடுப்புக் கரி, உப்பு, நாலு குடம் தண்ணீர். குழிக்குத் திறக்கிற மூடி. மெயினில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லிவிட்டேன். அதை மாட்டும் முன் பல்பை மறுபடி வைத்தார், இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். கேபிளுக்கும் ஆம்புக்கும் இடையே இப்போது 0.3 வோல்ட்.

மே 14, புதன்

பதிவு செய்ய லேப்டாப்பை இணைத்தேன். சார்ஜர் சொருகியிருந்தால் கொசு மாதிரி ஒரு கீச்சு. பிடுங்கினால் இல்லை. பேட்டரியிலேயே ஓட்டலாம், 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்குத் தாராளமாகப் போதும். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மே 17, சனி

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து பிளேயை அழுத்தினேன். ஸ்பீக்கர் சுத்தம். பாட்டு தொடங்கியது, கூடவே மெல்லிய "ம்ம்ம்"!

சோர்ந்து போய் பாஸை அழுத்தினேன். நின்றது. எடுத்தேன், வந்தது. நாடா ஓடினால் மட்டும் வருகிறது. வேறொரு கேசட்டைப் போட்டால் இல்லை. ஆக, இது எங்கள் வீட்டு இரைச்சல் இல்லை. 1988 மார்கழியில் அந்த ரெக்கார்டர் அப்பா குரலோடு சேர்த்துப் பிடித்தது.

அம்மா மட்டும், "இப்ப நடுங்கலையே, மெதுவா மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றார்.

லேப்டாப்பில் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்தெந்த அதிர்வெண்ணில் சத்தம் இருக்கிறது என்று பார்த்தேன். நாடாவில் இருக்கும் "ம்ம்", அதாவது ஹம், 101.5 ஹெர்ட்ஸில் நிற்கிறது, அதன் இரட்டிப்பு 203-இல். எங்கள் வீட்டு ஹம் என்றால் 50-இன் மடங்குகளாக 100, 200 என்று இருந்திருக்கும். சுருதிப்பெட்டியின் சட்ஜம், அதாவது 'ச', 135, பஞ்சமம் 202.5. அம்மாவின் காது கேட்டது இதைத்தான். முதல் நாள் எங்கள் வீட்டின் 200-ம் பெட்டியின் 202.5-ம் மோதி நொடிக்கு இரண்டரை முறை நடுங்கின. இப்போது மிஞ்சியிருப்பது 203-க்கும் 202.5-க்கும் உள்ள அரை ஹெர்ட்ஸ். இரண்டு நொடிக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்குகிறது.

மே 18, ஞாயிறு

ராத்திரி முழுக்க அந்த 135 மண்டையில் ஓடியது. அப்பா எப்போதும் ஒரு கட்டை சுருதியில்தான் பாடுவார். ஒரு கட்டை என்றால் சட்ஜம் கிட்டத்தட்ட 131 ஹெர்ட்ஸ். பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது. இன்று எடுத்துத் துடைத்து, துருத்தியை அம்மா போட, நான் அளந்தேன். சட்ஜம் 131.

ஆக நாடா மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது. அன்று அந்த ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்க வேண்டும், ஏனென்றால் என் டெக்கில் மற்ற கேசட்டுகள் சரியாகவே பாடுகின்றன. மோட்டாரின் ஸ்க்ரூவைத் தொடவில்லை. கம்ப்யூட்டரில் வேகத்தை அதே அளவு குறைத்தேன். அப்பா குரல் இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்தது. இத்தனை வருடம் இந்தக் கேசட்டில் அவர் குரல் சின்னப் பையன் குரலாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஹம்மையே அளவுகோலாக வைத்து, 101.5-ஐ 100-க்குக் கொண்டுவந்திருந்தால் தப்பாகியிருக்கும். வேகத்தைச் சரிசெய்த பிறகு நாடாவின் ஹம் 98.5-இல் நிற்கிறது. அப்படியானால் அன்று ராத்திரி ஊருக்கு வந்த மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இல்லை, 98.5-இல் பாதி, 49 கால். அந்தக் காலத்தில் இது சகஜம். தேவைக்கு உற்பத்தி போதாமல் தென்னக மின்தொகுப்பின் அதிர்வெண் 48.5-க்கும் கீழே இறங்கும். 2003-இல் புதிய கட்டண முறை வந்த பிறகுதான் அது கட்டுக்குள் வரத் தொடங்கியது. கோயிலில் டியூப் லைட் மங்கி மங்கி எரிந்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

மே 20, செவ்வாய்

மிச்சமிருக்கும் ஹம்மை ஃபில்டர் போட்டு எடுத்துப் பார்த்தேன். 98.5 போனது, யாருக்கும் நஷ்டமில்லை. 197-ஐ எடுத்தபோது கூடவே பெட்டியின் பஞ்சமமும் போய்விட்டது. அது 196.5-இல் இருக்கிறது, அவ்வளவு நெருக்கத்தில் பிரிக்க முடியவில்லை. அப்பா குரலுக்குக் கீழே தரை இல்லாதது போல் இருந்தது. அந்த ஃபில்டரை எடுத்துவிட்டேன்.

தம்பிக்கு அனுப்பியாயிற்று. அம்மா ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மடியில் பெட்டியோடு. இரண்டாம் பாட்டு முடியும் இடத்தில் அப்பா இருமுகிறார், யாரோ சொம்பை நகர்த்தும் சத்தம். "அது நான்தான், வெந்நீர் கொடுத்தேன்" என்றார் அம்மா.