ஆசரிப்புக் கூடார மாதிரி: பலகையும் திரையும்

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தூக்கிச் சென்ற வழிபாட்டுக் கூடாரம்தான் ஆசரிப்புக் கூடாரம். வேதாகமத்தின் யாத்திராகமத்தில் உள்ள அளவுகளை வைத்து, முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் அதன் மாதிரியைச் செய்துவருகிறேன். பலகை வேலை முடிந்துவிட்டது. மொத்தம் 48 பலகைகள். ஒவ்வொன்றும் 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம்.

பலகைகளுக்கு வேதம் சொல்லும் சீத்திம் மரம் வேல மர இனம்தான். அதனால் மரப்பட்டறையில் கருவேலத் துண்டுகள் வாங்கி அறுத்தேன். இரும்பு மாதிரி மரம். மெல்லிசாக இழைத்தால் ஓரம் சிலும்பும். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு வரும் அந்தச் செம்பழுப்பு நிறத்தின் மேல் பொன் தாள் ஒட்டவே மனம் வரவில்லை. ஒட்டித்தான் ஆகவேண்டும்.

அதிகம் யோசிக்க வைத்தது பலகையின் கனம். உயரமும் அகலமும் சொல்லும் வேதம் கனத்தைச் சொல்வதில்லை. யூத உரையாசிரியர் ராஷி ஒரு முழம் என்கிறார். முழத்தை 45 சென்டிமீட்டராக எடுத்துக் கணக்குப் போட்டால் ஒரு பலகையே ஏறக்குறைய ஒரு டன் வரும். எண்ணாகமம் 7-ல், பலகைகளைச் சுமக்கும் பொறுப்பிலிருந்த லேவியர் பிரிவான மெராரியருக்குக் கிடைத்தது நான்கு வண்டிகளும் எட்டு மாடுகளும்தான். அவ்வளவு பாரத்தை அவை வனாந்தரத்தில் இழுத்திருக்க முடியாது. எனவே மெல்லிய பலகைதான் என்று முடிவு செய்தேன்.

கனத்தைப் பொறுத்துத்தான் திரையும் விழுகிறது. மெல்லிய பலகை என்பதால் கூடாரத்தின் அகலம் 10 முழத்தோடு நின்றது. கூரையாகப் போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் திரைகளில், உள்ளே வரும் பஞ்சுநூல் திரை 28 முழம். மல் துணியில் தைத்துப் போட்டதும் இரு பக்கமும் தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றது. அதன்மேல் 30 முழ ஆட்டுமயிர்த் திரை, சரியாகத் தரை வரை. பொன் கொக்கி மாட்டிய மெல்லிய திரையில் மண் படாது. வெண்கலக் கொக்கி மாட்டிய முரட்டுத் திரைதான் புழுதியைத் தாங்குகிறது. படிக்கும்போது வெறும் எண்ணாக இருந்தது, கையில் துணியோடு பார்த்தபோது அவ்வளவு தெளிவாகப் புரிந்தது!

ஆட்டுமயிர்த் திரைக்கு வெள்ளாட்டு முடியைக் கையால் முறுக்கி, சின்னச் சட்டத்தில் நெய்தேன். காய்ந்திருக்கும்போது வெளிச்சம் ஊசிப்பொட்டாக உள்ளே வருகிறது. தண்ணீர் தெளித்தால் இழை உப்பி, பெரும்பாலான துளைகள் அடைபட்டுவிடுகின்றன. பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்கள் இன்றும் கறுப்பு ஆட்டுமயிரில் கூடாரம் நெய்வது இந்தக் குணத்துக்காகவும்தான்.

பலகைகளும் தூண்களும் நிற்கும் வெள்ளிப் பாதங்களை வெள்ளீயத்தில் வார்த்திருக்கிறேன். பலகைகளுக்கு 96, திரைச்சீலைத் தூண்களுக்கு 4. அசலில் ஒவ்வொன்றும் ஒரு தாலந்து, அதாவது சுமார் 34 கிலோ. ஆளுக்கு அரைச் சேக்கல் (அந்நாளைய எடை அளவு) என்று 6,03,550 பேர் கொடுத்த வெள்ளி.

அடுத்து, சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத் தோல். அதை எவ்வளவு மெல்லிசாகச் சீவ முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிராகாரத் தூண்களுக்குப் போகவேண்டும்.