மங்குக் கிண்ணத்தில் கிடந்த வால்வுச் சாமான்கள்

அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய 28 அங்குல சைக்கிளை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று போன மாசியில் உட்கார்ந்தேன். செயின், பிரேக் கட்டை, சீட்டு எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. முடியாமல் நின்றது வால்வு சமாச்சாரம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஒரு மங்குக் கிண்ணம், அதாவது எனாமல் கிண்ணம், நிறைய மூடி, நட்டு, ரப்பர் என்று கிடந்தது. அப்பச்சி சேர்த்து வைத்தது பாதி, நான் போட்டது பாதி. ஆத்தா வந்து, "ஏப்பா, இந்தக் கிண்ணம் எனக்கு வேணும். உள்ளே கெடக்கிறதை என்ன செய்யப் போறே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சித்திரையிலிருந்து இந்தக் குறிப்பை எழுதி வருகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரித்தேன். கருப்புப் பிளாஸ்டிக் மூடி பதினொன்று. பித்தளை மூடி மூன்று, அதில் ஒன்றின் தலை இரண்டாகப் பிளந்து கவை போல இருந்தது. நீல நிற அலுமினிய மூடி இரண்டு. வட்ட நட்டுகள் ஒரு கைப்பிடி. ஒரு பித்தளை அடாப்டர். அப்புறம் வால்வுக்குள் போடும் சின்ன ரப்பர்க் குழாயான வால்டியூப், காய்ந்துபோன துண்டுகளாக.

எங்கள் வீட்டில் மூன்று வகை வால்வும் இருப்பது இதற்கு வசதியாகப் போயிற்று. அப்பச்சி சைக்கிளில் வால்டியூப் போடும் பழைய வால்வு. என் கியர் சைக்கிளில் மோட்டார் சைக்கிள், கார் எல்லாவற்றிலும் இருக்கும் ஷ்ரேடர் வால்வு. 1893இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது, அடிப்படையில் இன்றைக்கும் அதேதான். தம்பி மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன ரோட் பைக்கில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு.

வால்டியூப்பில் ஆரம்பித்தேன். பித்தளை ஊசியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதை மூடி ரப்பர் உறை. பம்பு அடிக்கும்போது காற்று ரப்பரை விலக்கி உள்ளே போகிறது, உள்ளே இருக்கும் காற்றே ரப்பரைத் துளையோடு சேர்த்து அழுத்தி அடைத்துவிடுகிறது. ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. இவ்வளவு எளிமையான ஒரு அடைப்பானை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கிண்ணத்தில் இருந்த துண்டுகள் எதுவும் தேறவில்லை. ஒன்றை நகத்தால் இழுத்தேன். நீளாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னொன்று வெயிலில் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, சேர்த்து வைப்பதில் பிரயோசனம் இல்லாத சாமான் இதுதான். ரப்பர் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகும். கடையில் புதிதாகக் கொஞ்சம் வெட்டி வாங்கி, எச்சில் தொட்டு ஊசியில் ஏற்றினேன். துளையைத் தாண்டி நன்றாகக் கீழே இறங்க வேண்டும். முதல் தடவை குட்டையாக வெட்டிவிட்டேன், காலையில் பார்த்தால் சக்கரம் தரையோடு இருந்தது.

வைகாசி முழுக்க மூடிகள். என் கியர் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு மூடி போட்டும், பின்சக்கரத்துக்குப் போடாமலும் காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தினமும் ஓட்டினேன். (பள்ளத்தூரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் இந்த ஊர்தான்.) மூன்று வாரம் இரண்டு சக்கரத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. காற்றைப் பிடித்து வைப்பது ஷ்ரேடர் வால்வுக்குள் திருகியிருக்கும் ஊசி, மூடி இல்லை என்பது உறுதியாயிற்று. நான்காவது வாரம் கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் போய்வந்தேன். அன்றைக்குப் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பை எடுத்ததும் உஸ் என்று மெல்லிய சத்தம். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தேன். கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது, கொஞ்சம் பொறுத்து அடுத்தது.

அந்தப் பிளந்த தலைப் பித்தளை மூடி எதற்கு என்பது அப்போதுதான் கைக்குப் புரிந்தது. அதைத் தலைகீழாக வால்வுக்குள் விட்டால் கவை ஊசியைப் பிடித்துக்கொள்ளும், இடப்பக்கம் திருகினால் ஊசி வெளியே வந்துவிடும். ஊசியின் ரப்பர் வளையத்தில் செம்மண் மாவாக ஒட்டியிருந்தது. துடைத்துத் திரும்ப முறுக்கினேன், கசிவு நின்றது. வாயில் கிடந்த தூசியைப் பம்பின் காற்றே உள்ளே தள்ளியிருக்கிறது. மூடியின் வேலை அதைத் தடுப்பதுதான். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு மூடி தொலைந்தால் தலைபோகாது. நம் ஊர் மண்ணில் ஓட்டுகிறவருக்கு வேண்டும். பிரெஸ்டாவுக்கு மட்டும் அவசியமில்லை, அதன் உச்சியில் இருக்கும் குட்டித் திருகே வாயை மூடிவிடுகிறது. டியூபை மடித்துப் பையில் வைக்கும்போது கூர்முனை குத்தாமல் இருக்க ஒரு மூடி போதும்.

அலுமினிய மூடி விஷயத்தில் ஒரு டியூபையே இழந்தேன். அழகாக இருக்கிறதே என்று போன வருஷம் மாட்டியது, மழைக்காலம் முழுக்க அப்படியே இருந்தது. ஆனியில் கழற்றப் பார்த்தால் அசையவில்லை. குறடு போட்டுத் திருகியதும் மூடியோடு வால்வுத் தண்டும் சேர்ந்து சுற்றி, அடிரப்பர் கிழிந்தது. அறுத்துப் பார்த்தேன், மரைக்குள் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி இறுகிக் கிடந்தது. பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம்தான் கரையும், அந்தப் பொடி ஊதி மரையை இறுக்கிவிடும். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே 1953இலிருந்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இயங்குகிற காரைக்குடியில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் விட்டேனே என்று வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு நீல மூடியும் குப்பைக்குப் போயின.

வட்ட நட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு, கலந்துவிடக் கூடாது. பழைய வால்வில் ஊசியைத் தண்டோடு பிடித்து வைக்கும் நட்டு ஒன்று, அது இல்லாமல் காற்றே நிற்காது. ரிம்மோடு ஒட்டி வரும் நட்டு வேறு. பம்பை அழுத்தும்போது தண்டு உள்ளே போகாமல் தாங்குவதோடு அதன் வேலை முடிந்தது. அதைச் சாவி போட்டு இறுக்கினால் கெடுதல்தான். காற்றுக் குறைந்து ஓட்டும்போது டயரும் டியூபும் ரிம்மில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், தண்டு சாயும். நட்டு இறுக்கமாக இருந்தால் தண்டு நகர வழியில்லாமல் அடியில் டியூப் கிழியும். இப்போது விரலால் ஒரு சுற்றுத் தளர்த்தியே விடுகிறேன். தண்டு சாய்ந்து தெரிந்தால் காற்றுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அடாப்டர் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஷ்ரேடர் பம்பைப் பிரெஸ்டா வால்வில் மாட்ட உதவுவது அது. தம்பி மகன் சைக்கிளுக்குப் பெட்ரோல் பங்கிலோ, பஞ்சர் கடையிலோ காற்றடிக்க அந்த ஒரு பித்தளைத் துண்டு இல்லாமல் முடியாது. சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கிறேன்.

ஆடியில் ஒருநாள் கானாடுகாத்தான் பக்கம் காற்று இறங்கியது. சீமைக்கருவேல முள்தான் என்று டயரைக் கழற்றப் போனவன், எதற்கும் வால்வில் எச்சில் தொட்டுப் பார்த்தேன். குமிழி. ஊசி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பித்தளை மூடியால் முறுக்கி, காற்றடித்து, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மங்குக் கிண்ணத்தைக் கழுவி ஆத்தாவிடம் கொடுத்தாயிற்று. மிஞ்சியது ஒரு மாத்திரை டப்பாவுக்குள் அடங்கிவிட்டது: பிளாஸ்டிக் மூடி நான்கு, பித்தளை மூடி மூன்று, ஊசி நட்டு இரண்டு, ரிம் நட்டு இரண்டு, புது வால்டியூப் ஒரு விரல் நீளம். டப்பா மேல் ரப்பர் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்பச்சி சைக்கிளின் பின்சக்கரத்தில் ரப்பருக்குப் பதிலாக உள்ளே குண்டு வைத்த வால்வு போட்டுப் பார்க்கிறேன். பம்பு அடிக்கக் கை லேசாக இருக்கிறது. முன்சக்கரத்தில் வால்டியூப்பேதான். ஐப்பசி மழை முடிந்ததும் இரண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.