பூஸ்டர் வாங்கும் முன் ஏரியலைப் பாருங்கள்

கெடா மாநிலத்தின் பாடாங் செராயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கினால், பலர் முதலில் அலையைப் பெருக்கும் பூஸ்டர் கருவியை வாங்கவே கடைக்குச் செல்கிறார்கள். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் கூரைமேல் இருக்கும் ஏரியலையும் அதிலிருந்து இறங்கும் கேபிளையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலேசியாவில் 2019-இல் நிறுத்தப்பட்ட பழைய அனலாக் ஒளிபரப்பில், அலை குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனாலும் செய்தியைக் கேட்டு முடிக்கலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. அலையின் தரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் படம் உறைந்துவிடும். பகலில் பளிச்சென்று தெரிந்த டிவி 2 அலைவரிசை, மாலை மழையில் செம்பனை ஓலைகள் நனைந்ததும் நின்றுபோவதற்கு, அந்த வீட்டில் அலை முன்பே விளிம்பில் இருந்ததுதான் பெரும்பாலும் காரணம்.

நமக்கு அலை வருவது 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையிலிருந்து. அது இங்கிருந்து வடக்கே, சற்று மேற்குப் பக்கம் சாய்ந்து இருக்கிறது. ஏரியலின் குச்சிகள் குட்டையாகும் முனை மலையை நோக்க வேண்டும். செம்பனை மறைத்தால் ஏரியலைத் தாங்கும் குழாயை உயர்த்துவதே நல்ல வழி. இன்றைய ஒளிபரப்பு வரும் யு.எச்.எஃப். என்ற குறுகிய அலைகளுக்கு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரையிலான குச்சிகள் போதும். கைநீளக் குச்சிகள் கொண்ட பழைய ஏரியல் இதற்குப் பொருந்தாது.

ஏரியலைத் திருப்பும்போது, அலையின் அளவைக் காட்டும் திரையைத் திறந்துவைத்து ஒருவர் டிவி முன்னால் இருப்பது அவசியம். எங்கள் வீட்டில் மைத்துனர் கூரையிலிருந்து "மாமா, இப்ப எவ்வளவு?" என்று கேட்க, நான் திரையில் தெரியும் எண்ணைச் சொல்வேன். பார்க்க வேண்டியது அலையின் வலிமையைக் காட்டும் 'ஸ்ட்ரெங்த்' அல்ல, தரத்தைக் காட்டும் 'குவாலிட்டி'. சிறிது திருப்பி, எண் நிலைக்கும்வரை பொறுத்து, பிறகு மீண்டும் திருப்ப வேண்டும்.

லயத்து வீடு ஒன்றில் ஏரியலைத் தொடாமலேயே குறை தீர்ந்தது. இணைப்பைக் கழற்றியபோது செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. உறைக்குள்ளும் மழைநீர் இறங்கியிருந்தது. நனைந்த பகுதியை வெட்டி எறிந்து, புதிய இணைப்பு போட்டு, நீர் புகாத டேப்பைச் சுற்றினோம். கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் சற்றுத் தொங்கவிட்டால் நீர் வெளியே சொட்டிவிடும்.

கேபிள் மிக நீளமாக இருந்தாலோ ஓர் ஏரியலை இரண்டு டிவிகளுக்குப் பிரித்தாலோ பூஸ்டர் பயன்படும். அப்போதும் அதை ஏரியலுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும், ஏனெனில் கேபிளில் தேய்ந்துபோன அலையைக் கீழே வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இடி முழங்கும் நேரத்தில் கூரையேறாதீர்கள். இரும்புக் குழாய்க்கு எர்த் கம்பி போட, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.