பையனை மாற்றும் முன் கார்டை மாற்றுங்கள்

பெங்களூரில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கிற தமிழ்க் கூட்டம் சின்னதுதான். அதற்குள் கரோலினா பாந்தர்ஸ் அணிக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. அதன் ஊரான சார்லட் ஒரு வங்கி நகரம். அங்குள்ள ஆபீஸ் டீமோடு ராத்திரி கால் பேசுகிறவர்கள் அவுட்டர் ரிங் ரோடு முழுக்க இருக்கிறார்கள். ஞாயிறு ராத்திரி 10:30க்கு (அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 11:30க்கு) தொடங்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் சில்க் போர்டில் கேப் நகராமல் நிற்கும்போது வாட்ஸப்பில் ஓடும் சண்டை எப்போதும் ஒன்றுதான்: இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) சொதப்புகிறான், வைத்துக்கொள்வதா, தூக்குவதா?

அந்தக் கேள்விக்குப் போகும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அதில் முதல் வேலை, ஜெர்ஸி வாங்குகிற யாரும் பெயரைக்கூடக் கவனிக்காத இரண்டு கார்டுகளை (guard) பற்றியது. குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் ஐவர்தான் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள்.

பிரைஸ் யங்கையே எடுத்துக்கொள்வோம். 2023 டிராஃப்டின் (தோற்ற அணி முதலில் எடுக்கும்படி கல்லூரி வீரர்களைப் பங்கிடும் முறை) முதல் தேர்வு. அவரைப் பிடிக்க பாந்தர்ஸ் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தது: அந்த வருடத்தின் 9ஆவது, 61ஆவது தேர்வுகள், 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, போதாததற்கு அணியின் முதல்தர ரிசீவர் டி.ஜே. மூர். குவார்ட்டர்பேக்கை வாங்க அவன் எறிய வேண்டிய ஆளையே விற்றார்கள். முதல் சீசனில் யங் 11 டச்டவுன் (கோட்டைத் தாண்டிய ஸ்கோர்), 10 இன்டர்செப்ஷன் (எதிராளி கையில் போன பந்து). பந்து கையில் இருக்கும்போதே 62 முறை வீழ்த்தப்பட்டார் (இதுதான் சாக்). அணி 2-15, அதாவது 2 வெற்றி, 15 தோல்வி. அவர்கள் கொடுத்திருந்த 2024 தேர்வு அந்தத் தோல்விகளாலேயே நம்பர் ஒன்னாகி, பேர்ஸ் அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள்.

இந்த எண்களை வைத்துப் பையனை எடைபோட முடியாது. ஒரே சீசனில் பிளே (ஒவ்வொரு முறையும் என்ன ஆடுவது என்று) அழைக்கிற ஆள் மூன்று முறை மாறினார்: கோச் ஃபிராங்க் ரைக் தொடங்கினார், ஆறு ஆட்டம் கழித்து உதவி கோச் தாமஸ் பிரவுனிடம் கொடுத்தார், மூன்று ஆட்டத்தில் திரும்ப வாங்கினார், 1-10 ஆனதும் வேலை போனது, மறுபடியும் பிரவுன். கார்டு இடத்தில் காயத்தால் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நம்பி எறியக்கூடிய ஒரே ரிசீவர் 33 வயது ஆடம் தீலன். அந்த வருடம் 103 பந்து பிடித்தார். மாவு புளிக்கும் முன் தோசை ஊற்றிவிட்டுக் கல்லைக் குறை சொன்ன கதைதான்.

ஆனால் 62 சாக்கும் லைனின் பாவம் என்று சொன்னால் அதுவும் பொய். சாக் பாதி குவார்ட்டர்பேக்கின் கணக்கு. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. டிவி கேமரா பந்தையே துரத்தும், உதவாது. 22 பேரும் தெரிகிற ஆல்-22 காட்சி வேண்டும். ஸ்னாப்பிலிருந்து (சென்டர் பந்தைப் பின்னால் தரும் நொடி) எண்ணுங்கள். இரண்டரை வினாடிக்குள் எதிராளி வந்து விழுந்தால் லைன் தப்பு, அல்லது புரொடெக்‌ஷன் (யார் யாரைத் தடுப்பது என்ற ஏற்பாடு) அழைத்ததில் தப்பு. மூன்று வினாடி தாண்டியும் பந்து கையில் இருந்தால் பெரும்பாலும் பையன் தப்பு, அல்லது ரிசீவர் யாருமே விடுபடவில்லை. அடுத்தது கால். பின்வாங்கும் கடைசி அடியில் பின்னங்கால் ஊன்றும் நொடியில் முதல் ரீட் (முதலில் பார்க்க வேண்டிய ரிசீவர்) திறந்திருக்க வேண்டும். அங்கே பந்து போக வேண்டும். ஊன்றியபின் ஒரு குதி, இரண்டாவது ரீட். இன்னொரு குதி, மூன்றாவது. கால் ஊன்றியும் முதல் ரீட்டைப் பார்த்தும் எறியாமல் தயங்கினால், அவன் நம்புவது தன் கண்ணையா இல்லையா என்கிற பிரச்சினை. அது லைனை மாற்றினாலும் சட்டென்று போகாது. சீசன் முழுக்கச் சேர்த்துப் பார்க்க ஒரு கைக்கணக்கு: அழுத்தம் வந்த டிராப்களில் (எறியப் பின்வாங்கும் தடவைகளில்) ஐந்தில் ஒன்றுக்குக் குறைவாக சாக் ஆனால் பையன் சமாளிக்கிறான். நான்கில் ஒன்றைத் தாண்டினால் அவனும் பதில் சொல்ல வேண்டும்.

சரி, ஏன் கார்டு? எல்லோரும் இடது டேக்கிளைத்தானே சொல்வார்கள்? ஷாட்கன் என்ற அமைப்பில் குவார்ட்டர்பேக் சென்டருக்கு ஐந்து கஜம் பின்னால் நிற்கிறார். பந்து வந்ததும் இன்னும் மூன்று கஜம் பின்வாங்குகிறார். ஓரத்திலிருந்து பாய்கிறவனை டேக்கிள் நிறுத்த வேண்டியதில்லை. வெளியே தள்ளி, குவார்ட்டர்பேக்குக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகவிட்டால் போதும். அந்த நேரம் பையன் இரண்டு அடி முன்னால் ஏறி எறிவான். அதாவது ஓர அழுத்தத்துக்குத் தப்பிக்க ஒரு வாசல் உண்டு, அது முன்பக்கம் இருக்கிறது. கார்டு மூன்று கஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டால் அந்த வாசலே அடைபடுகிறது. முன்னால் ஏற இடமில்லை, கால் ஊன்ற இடமில்லை, முகத்துக்கு நேரே 140 கிலோ ஆள். ஆறரை அடி குவார்ட்டர்பேக் தலைக்கு மேலே பார்த்து எறிந்துவிடுவார். யங் 5 அடி 10 அங்குலம். அவருக்கு நடுவே ஒரு சந்து திறந்தால்தான் மைதானமே கண்ணில் படும்.

2024 மார்ச்சில் பாந்தர்ஸ் இதைத்தான் சரிசெய்தார்கள். ராபர்ட் ஹன்ட், 5 வருடத்துக்கு 10 கோடி டாலர். டேமியன் லூயிஸ், 4 வருடத்துக்கு 5.3 கோடி டாலர். இருவரும் கார்டு. கார்டுக்கு இவ்வளவா என்று சிரித்தவர்கள் உண்டு. 16 ஆட்டத்தில் 62 சாக் வாங்கிய யங், அந்த சீசனில் 14 ஆட்டத்தில் 29தான் வாங்கினார். அதே பாடத்தைச் சிகாகோவும் ஒரு வருடம் கழித்துப் படித்தது. 2024இல் கேலப் வில்லியம்ஸ் 68 முறை விழுந்தார். ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று நடுவிலுள்ள மூவரையும் மொத்தமாக மாற்றியதும் 2025இல் அது பாதிக்கும் கீழே போனது. கோச் பென் ஜான்சனுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, ஐந்து பேரை வாங்கிவிட்டு ஆறாவது, ஏழாவது ஆளை மறப்பது. 53 பேர் அணியில் ஆட்ட நாளில் 47 பேரைத்தான் களமிறக்கலாம். எட்டு லைன்மேன் இருந்தால் 48. விதியே சொல்கிறது, எட்டு பேர் தேவை என்று. 17 ஆட்டத்துக்கும் அதே ஐவர் நிற்பது அபூர்வம். ஹன்டே 2025இல் இரண்டாவது வாரத்தில் காயப்பட்டு வெளியே போனார். ஏழாவது ஆள் சென்டரும் கார்டும் இரண்டும் ஆடத் தெரிந்தவராக இருப்பது நல்லது. டேக்கிள் மட்டும் தெரிந்தவர் உள்ளே வந்தால் எதிரணி ஸ்டன்ட் (பாய்கிறவர்கள் இடம் மாறி வருவது) போடும்போது திணறுவார்.

அடுத்தது கோச். நல்ல உதாரணம் ஜாரெட் காஃப். 2016இல் ராம்ஸ் எடுத்த முதல் தேர்வு; தொடங்கிய ஏழு ஆட்டமும் தோல்வி, 5 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். 2017இல் கோச்சாக ஷான் மெக்வே வந்தார். 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன், அணி 11-5, லீகிலேயே அதிகப் புள்ளி. மந்திரம் ஏதுமில்லை. இடது டேக்கிளுக்கு ஆண்ட்ரூ விட்வொர்த், ரிசீவருக்கு ராபர்ட் வுட்ஸ், மூன்றாம் சுற்றில் கூப்பர் கப். நடுவில் ஜான் சல்லிவன் என்ற மூத்த சென்டர். மெக்வேயோடு வாஷிங்டனில் இருந்தவர். எதிரணியின் நடு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு ஆள்) யார் என்று கைகாட்டி, ஐவருக்கும் யார் யாரைப் பிடிப்பது என்று சொல்லும் பொறுப்பைச் சல்லிவன் போன்ற ஒருவர் எடுத்துக்கொண்டால், 22 வயதுப் பையனின் மண்டையில் பாதிப் பாரம் குறையும்.

இன்னொரு சூட்சுமமும் இருந்தது. ஹெல்மெட்டில் உள்ள ரேடியோ, பிளே கிளாக்கில் (அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரம்) 15 வினாடி இருக்கும்போது அணைந்துவிடும். மெக்வே ஆட்களை வேகமாக லைனுக்கு ஓடவைத்து, அதற்குள் எதிரணி நிற்பதைத் தானே படித்து காஃபுக்குச் சொல்லிவிடுவார். அழகான ஏற்பாடு, ஆனால் ஊன்றுகோல். 2018 சீசனின் சூப்பர் பௌலில் (இறுதி ஆட்டம்) நியூ இங்கிலாந்து அணி ரேடியோ அணைந்தபிறகு தன் கவரேஜை (ரிசீவர்களை மடக்கும் ஏற்பாடு) மாற்றியது. ராம்ஸ் எடுத்தது மொத்தம் 3 புள்ளி. இளம் பையனுக்கு முதல் வருடம் ஊன்றுகோல் கொடுக்கலாம். இரண்டாவது வருடம் ஒரு பகுதியைப் பிடுங்க வேண்டும். நானாக இருந்தால் முதலில் திருப்பிக் கொடுப்பது, மூன்றாவது டவுனில் (முயற்சியில்) புரொடெக்‌ஷனை மாற்றும் உரிமையைத்தான்.

பிளேபுக்கில் என்ன வைப்பது என்பது இதைவிடச் சுலபம். முதல் டவுனில் ஓட்டமும் பிளே-ஆக்‌ஷனும் (ஓட்டம் போலக் காட்டி எறிவது), மைதானத்தில் பாதியை மட்டும் படிக்கச் சொல்லும் பூட்லெக் (ஓரமாக ஓடி எறிவது), ஸ்னாப்புக்கு முன் ஒரு மோஷன் (ரிசீவர் இடம் மாறி ஓடுவது). மோஷன் போகும் ரிசீவர் பின்னாலேயே ஒருவன் ஓடினால் மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள்), ஓடாவிட்டால் பெரும்பாலும் ஸோன் (இடத்தைக் காப்பது). இலவசமாகக் கிடைக்கும் தகவல்.

கால்வேலையைச் சீசன் நடுவில் திருத்த முடியாது, முயலவும் கூடாது. வீரர் சங்க ஒப்பந்தப்படி சீசன் முழுவதற்கும் கவசம் அணிந்த பயிற்சி 14 நாள்தான். வாரப் பயிற்சி அடுத்த எதிரணிக்கே சரியாகிவிடும். எறிமுறை மாற்றமெல்லாம் பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை. பஃபலோ குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் அப்படித்தான் பயிற்சியாளர் ஜோர்டன் பாமரிடம் தனியாகப் பயிற்சி எடுத்தார். பெஞ்சில் உட்காரவைத்தால் கற்றுக்கொள்வான் என்ற நம்பிக்கைக்கும் இதே தடை: முதல் அணிப் பயிற்சி ஏறக்குறைய முழுவதும் தொடங்குகிற ஆளுக்கே போகும், பெஞ்சில் இருப்பவன் வேடிக்கைதான் பார்ப்பான். 2024இல் இரண்டே ஆட்டம் கழித்து பாந்தர்ஸ் கோச் டேவ் கனாலிஸ் யங்கை உட்காரவைத்தார். அவருக்குப் பதில் ஆடிய ஆண்டி டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரல் சுளுக்கியதால்தான் அக்டோபர் கடைசியில் யங் திரும்பி வந்தார். திட்டமிட்டு நடந்ததாக இப்போது சொல்லப்படுவதை நான் ஏற்க மாட்டேன். வந்தபின் நன்றாக ஆடினார், அது வேறு விஷயம். சீசன் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று ஓவர்டைமில் வென்றபோது மூன்று டச்டவுன் எறிந்தார், இரண்டு ஓடி எடுத்தார்.

ரிசீவர் வாங்குவதில் வரிசை முக்கியம். ஆலனுக்கு பஃபலோ 2019இல் முதலில் கொடுத்தது உள்ளே சீக்கிரம் விடுபடும் கோல் பீஸ்லியையும் ஆழமாக ஓடும் ஜான் பிரவுனையும். 2020இல்தான் ஸ்டெஃபான் டிக்ஸ். ஆலன் எறிந்ததில் ரிசீவர்கள் பிடித்தது 2018இல் 52.8 சதவீதம், 2019இல் 58.8, 2020இல் 69.2. டிக்ஸுக்காகப் போன முதல் சுற்றுத் தேர்வில் மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. இரண்டு பக்கமும் ஜெயித்த வியாபாரம் அது. பாந்தர்ஸ் 2023இல் மிங்கோ, 2024இல் லெகெட் என்று வேகத்தையும் உடம்பையும் பார்த்து எடுத்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. 2025இல் 8ஆவது தேர்வில் வந்த டெடைரோவா மெக்மில்லன் 6 அடி 4 அங்குலம். முதல் வருடமே 1000 கஜம் தாண்டினார். குள்ளமான குவார்ட்டர்பேக் கொஞ்சம் மேலே எறிவான், அதை எட்டிப் பிடிக்கிற ஆள் வேண்டும்.

தற்காப்பைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2024இல் பாந்தர்ஸ் விட்டுக்கொடுத்த புள்ளிகள் 534; என்எஃப்எல் வரலாற்றில் ஒரு சீசனுக்கு அதுவே உச்சம். 14 புள்ளி பின்தங்கினால் பிளே-ஆக்‌ஷனை எவனும் நம்ப மாட்டான், நான்கு பேரும் நேராகக் குவார்ட்டர்பேக்கை நோக்கியே ஓடி வருவார்கள். அடுத்த வருடம் அதைக் கொஞ்சம் அடைத்தார்கள். 8-9 என்ற சுமாரான கணக்கிலேயே டிவிஷனை (தங்கள் நான்கு அணிப் பிரிவை) ஜெயித்தார்கள்.

இனி பணம். ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். 2025 ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய், அவ்வளவுதான். ஆர்சிபி அதை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியாது. என்எஃப்எல் சம்பள வரம்பை (2025இல் 27.92 கோடி டாலர்) தள்ளலாம். 5 வருட ஒப்பந்தத்தில் 2.5 கோடி டாலர் கையெழுத்து போனஸ் கொடுத்தால் கணக்கில் வருடத்துக்கு 50 லட்சம்தான் ஏறும். இரண்டு வருடத்தில் ஆளை நீக்கினால் மீதி 1.5 கோடி ஒரேயடியாக விழும். ஜூன் 1 சலுகையில் நீக்கினால் இந்த வருடம் 50 லட்சம், அடுத்த வருடம் 1 கோடி. தடுமாறும் அணிகள் முதல் வருடமே இந்தப் பழைய பாக்கியையெல்லாம் விழுங்கித் தீர்த்துவிடுவது நல்லது, எப்படியும் தோற்கப்போகிற வருடம்தானே.

யங்கின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தம் சுமார் 3.8 கோடி டாலர். டாலஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் ஒரு வருடச் சராசரி 6 கோடி. இந்த வித்தியாசத்தில்தான் இரண்டு கார்டும் ஒரு ரிசீவரும் வாங்கப்படுகிறார்கள். அதனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் சுற்று ஆளுக்கு ஐந்தாவது வருட ஆப்ஷன் (ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டும் அணியின் உரிமை) உண்டு; மூன்றாவது சீசன் முடிந்து வரும் மே தொடக்கத்தில் முடிவைச் சொல்லியாக வேண்டும், சொன்னதும் அந்தப் பணம் முழு உத்தரவாதம். புரோ பௌலுக்கு (நட்சத்திர வீரர்களின் ஆட்டம்) ஒருமுறை தேர்வாகியிருந்தால் தொகை கூடும், இரண்டு முறை என்றால் இன்னும் கூடும். லைனைச் சரிசெய்ய இரண்டாவது மார்ச்சைத் தவறவிட்டால், மூன்றாவது சீசனிலும் பையனைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இந்த மேஜையில் உட்கார வேண்டிவரும்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அப்படி உட்கார்ந்தார்கள். 2022இல் தங்கள் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் ஆப்ஷனை வேண்டாம் என்றார்கள். அதே வருடம் அவர் அணியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோக, 2023 மார்ச்சில் 4 வருடத்துக்கு 16 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் விடுவித்தார்கள். ஆப்ஷன் எடுத்திருந்தால் சுமார் 2.2 கோடிக்கு இன்னொரு வருடம் பார்த்திருக்கலாம். அரைகுறை நம்பிக்கை இருந்தாலும் ஆப்ஷனை எடுப்பதே மலிவு என்பேன். நீண்ட ஒப்பந்தத்துக்குத்தான் அவசரம் கூடாது. நீட்டித்தே ஆக வேண்டும் என்றால் போனஸைச் சிறிதாக்கி, உத்தரவாதத்தை முதல் இரண்டு வருடத்தோடு நிறுத்தி, மூன்றாவது மார்ச்சில் வெளியேற வழி வைத்து எழுத வேண்டும். யங்குக்காகக் கொடுத்த ஐந்து விஷயங்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வைத்துக்கொண்டாலும் தூக்கினாலும் டி.ஜே. மூர் திரும்பி வரப்போவதில்லை.